உறக்கத்தில் எழும் அலைகள்

1957ஆம் ஆண்டு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வில்லியம் லாண்டா என்ற நரம்பியல் வைத்தியரும், கேட்கவும் பேசவும் இயலாத குழந்தைகளைப் பயிற்றுவிப்பதில் தேர்ந்தவரான ஃப்ராங்க் க்ளெஃப்னரும் சேர்ந்து எழுதிப் பிரசுரித்த ஒரு கட்டுரை, அதுவரை வைத்திய உலகம் தனியாக இனங்கண்டு பெயரிடாத ஒரு விசித்திர வியாதியை விவரித்தது. வயதுக்கேற்ற வளர்ச்சியோடு ஓடியாடி, வாய் ஓயாமல் பேசிவந்த குழந்தை, மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் என்றோ ஒருநாள் பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆற்றலை இழக்கத் தொடங்குகிறது. சிலருக்குச் சில தினங்களில், சிலருக்குப் பல மாதங்களில், அதன் வாயிலிருந்து வரும் சொற்களும் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் மௌனம் குடிகொண்டுவிடுகிறது. தாய் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. வாசல் மணி ஒலித்தாலும் அது மணியோசை என்று அதற்குத் தோன்றுவதில்லை. காது செவிடாகிவிட்டது என்றே பெற்றோர் எண்ணி, காது வைத்தியரிடம் ஓடுகிறார்கள். அவரோ சோதித்துப் பார்த்துவிட்டு, காதில் குற்றம் ஏதுமில்லை என்று சொல்லிவிடுகிறார். ஒலி செவியில் புகுகிறது, ஆனால் அது சொல்லாகிப் பொருள் தருவதில்லை. இந்தக் குழந்தைகளில் பலருக்கு எப்போதாவது வலிப்பு வருவதுண்டு. சிலருக்கு ஒரு முறைகூட வருவதில்லை. ஆனால் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தால், எல்லோரிடத்திலும் வலிப்பு நோய்க்கே உரிய கூரிய அலைகள் தென்படுகின்றன.

கை கால் உதறாத வலிப்பு, குழந்தையின் பேச்சை எப்படிப் பறித்தது என்ற கேள்விக்கு விடை பகலில் கிடைக்கவில்லை. 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 1971இல், பிரான்ஸ் தேசத்தின் தென்கரையிலுள்ள மார்சேய் நகரில் பணிபுரிந்த பாத்ரி, லியாகூபி, டாஸினாரி என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், ஆறு குழந்தைகள் உறங்கும்போது எடுத்த மூளைப் பதிவுகளை வெளியிட்டார்கள். விழித்திருக்கையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே காணப்பட்ட கூரலைகள், குழந்தை கண்ணயர்ந்த சிறிது நேரத்துக்குள் பெருகிப் பரவி, கனவில்லாத உறக்கத்தின் நூறு வினாடிகளில் 85 வினாடிகளுக்குக் குறையாமல் நிறைந்திருந்து, விழித்தவுடன் மறைந்துபோயின. உடல் அசையவில்லை, மூச்சுத் திணறவில்லை, அருகிலேயே படுத்திருக்கும் தாய் அறியக்கூடிய அடையாளம் எதுவுமே இல்லை. இருந்தும் மூளைக்குள் இரவுதோறும், மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், இந்த மின்கொந்தளிப்பு நடந்துகொண்டே இருந்தது. லாண்டாவும் க்ளெஃப்னரும் விவரித்த வியாதியுள்ள குழந்தைகளிற் பலரிடமும் இதே கோலம் பின்னர் கண்டறியப்பட்டது. குழந்தையின் வலிப்பு நோயை, அதன் உறக்கத்தைப் பார்க்காமல், முழுமையாக அறிந்துவிட முடியாது என்பதும், பகலில் அரைமணி நேரம் எடுத்த பதிவு குற்றமற்றிருப்பதைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது என்பதும் அன்றே நிலைநாட்டப்பட்டன. ஆனால் இந்த உண்மை அது சென்று சேர வேண்டிய பெற்றோர், ஆசிரியர் எல்லோரையும் இன்னும் சென்று சேரவில்லை என்ற கவலையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மூளையில் மின்சாரம் உண்டென்பதை முதலில் கண்டவர் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து வைத்தியர் ரிச்சர்ட் கேட்டன். முயல்களின் மூளையிலும் குரங்குகளின் மூளையிலும் மெல்லிய மின்னோட்டம் இடையறாது ஏறி இறங்குவதை 1875இல் அவர் வெளியிட்டார். மனிதனிடத்தில் அதைக் கண்டவர் ஜெர்மனியில் யேனா பல்கலைக்கழகத்து மனநோய் வைத்தியர் ஹான்ஸ் பெர்கர். இளமையில் ராணுவப் பயிற்சியின்போது இவர் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் நசுங்கவிருந்து மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே, எங்கோ தொலைவில் இருந்த இவருடைய சகோதரி இவருக்கு ஏதோ ஆபத்து என்று கலங்கி வற்புறுத்தியதால், தந்தை நலம் விசாரித்து அனுப்பிய தந்தி வந்து சேர்ந்தது. உள்ளத்திலிருந்து உள்ளத்துக்குச் செல்லும் சக்தி ஒன்று இருக்குமோ என்ற எண்ணம் அன்றுமுதல் அவரை விடவில்லை. அந்தச் சக்தியை அவர் காணவில்லை. அதைத் தேடிப் புறப்பட்ட பாதையில், மண்டையோட்டின் மேலிருந்தே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையை 1924இல் கண்டார். தம் மகனின் தலையிலும் பன்முறை சோதித்து, ஐந்து வருஷ காலம் சந்தேகித்துச் சரிபார்த்த பின்னரே, 1929இல் அதை உலகுக்கு அறிவித்தார். அதன்பின் சில வருஷங்களுக்குள்ளாகவே, 1935இல், பாஸ்டன் நகரத்து கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் ஆகியோர், சில க்ஷணங்கள் மட்டும் நினைவு தப்பி வெறித்துப் பார்க்கும் குழந்தைகளின் மூளையில், அந்த நேரத்தில் வினாடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையும் மாறி மாறி எழுவதைக் காட்டி, வலிப்பு நோயின் முகத்தை முதன்முறையாகக் காகிதத்தில் வரைந்து வைத்தார்கள்.

ஈ.ஈ.ஜி. என்று வைத்தியசாலைகளில் வழங்கும் இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏனென்றால், தலை முழுவதும் கம்பிகளை ஒட்டுவதைக் கண்டதும் குழந்தைக்கு 'கரண்ட்' வைக்கப் போகிறார்களோ என்று அஞ்சும் பெற்றோர் இன்றும் பலர். அந்தக் கம்பிகள் வழியாக மின்சாரம் எதுவும் உள்ளே செல்வதில்லை. மூளையிலிருந்து வெளிவருவதை வாங்கிப் பெரிதாக்கிக் காட்டுவதொன்றே அவற்றின் வேலை. வெளிவருவதும் மிகச் சொற்பமே: ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கி, அவற்றில் சில பத்துப் பங்குகளே விழித்திருப்பவனுடைய தலையின் மேற்புறத்தில் கிடைக்கின்றன. உலோக வில்லைகளை எங்கெங்கே பதிப்பது என்பதற்கு, மாண்ட்ரியல் நகரத்து ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் வகுத்துத் தந்த முறையையே உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். மூக்கு நெற்றியோடு சேருமிடத்திலிருந்து பிடரி வரைக்கும் நாடாவால் அளந்து, நூற்றுக்குப் பத்து, இருபது என்ற விகிதத்தில் குறியிட்டு, பசை தடவி ஒட்டுவது வழக்கம்.

விழித்திருப்பவன் கண்ணை மூடி அமைதியாக இருக்கையில் பின்மண்டையில் வினாடிக்கு 8 முதல் 13 வரையிலான அலைகள் சீராக எழுகின்றன. கண்ணைத் திறந்ததும் அவை அடங்கி, சிறிய, வேகமான, ஒழுங்கற்ற அலைகள் அவ்விடத்தில் தோன்றுகின்றன. உறக்கம் வந்ததும் காட்சி முற்றிலும் மாறுகிறது. நம் சைவ சித்தாந்த நூல்கள் ஆன்மாவின் அவத்தைகளைச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாக வகுத்தன அல்லவா? அவற்றுள் முதல் மூன்றும் சரீரத்தின் அளவிலேயே வெவ்வேறு ஸ்திதிகள் என்பதைக் கருவி கொண்டு காட்டியது இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானம். பெரும் பணக்காரரும் விஞ்ஞானத்தில் தீராத மோகம் கொண்டவருமான ஆல்ஃபிரட் லூமிஸ், நியூயார்க்குக்கு அருகே டக்ஸீடோ பார்க்கிலிருந்த தம் சொந்த ஆராய்ச்சிசாலையில் ஒரு பிரம்மாண்டமான உருளையைச் சுழலவிட்டு, உறங்குபவர்களின் மூளையலைகளை இரவு முழுவதும் பதிவு செய்து, உறக்கத்துக்குப் படிகள் உண்டென்பதை 1937இல் விளக்கினார். முதற்படியில் அலைகள் தளர்கின்றன. இரண்டாவதில், வினாடிக்கு 11 முதல் 16 வரை துடிக்கும் சிறுசிறு தொடர்கள் தோன்றி மறைகின்றன. நடுவில் பருத்து இருபுறமும் மெலிந்த உருவத்தால் இவற்றைக் கதிரலைகள் என்று சொல்லலாம். பிறந்து இரண்டு மாதமளவில் இவை குழந்தையிடம் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. அதற்கும் ஆழத்தில், வினாடிக்கு நான்குக்கும் குறைவான, உயரமான பேரலைகள் எழுகின்றன. இந்த உயரம் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் பன்மடங்கு அதிகம். 1953இல் சிகாகோவில் அஸெரின்ஸ்கியும் க்ளைட்மனும், உறங்குபவனின் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக உருளும் கனவுறக்கத்தைக் கண்டறிந்தார்கள். அஸெரின்ஸ்கி முதலில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தது, எட்டு வயதான தம் மகனின் தலையில்தான். கனவுறக்கத்தில் மூளையலைகள் ஏறக்குறைய விழிப்பைப் போலவே சிறுத்து விரைகின்றன.

ஆழ்ந்த உறக்கத்தில் அலைகள் ஏன் பெருக்கின்றன? திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் பேர் தத்தம் பேச்சைப் பேசிக்கொண்டிருக்கும்போது, தொலைவில் நிற்பவன் செவிக்கு எட்டுவது வெறும் இரைச்சலே. அதே ஆயிரம் பேர் தேர்வடத்தைப் பற்றி, ஒரே குரலாய் முழங்கி இழுத்து, நின்று, மறுபடியும் இழுக்கும்போது, அந்த ஓசை ஊரெல்லை மட்டும் அலையலையாய்க் கேட்கிறது. விழிப்பில் மூளைப் புறணியின் நரம்பணுக்கள் ஆளுக்கொரு வேலையாய்ப் பிரிந்து கிடக்கின்றன. ஆழ்ந்த உறக்கத்திலோ, கோடானுகோடி அணுக்கள் ஒரே கணத்தில் ஓய்ந்தும் ஒரே கணத்தில் எழுந்தும் இயங்குகின்றன. மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியும் புறணியும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இந்த லயத்தைக் காக்கின்றன. கதிரலைகளும் தலாமஸில்தான் உற்பத்தியாகின்றன. இப்படி எல்லா அணுக்களும் ஒரே தாளத்துக்கு இசைந்திருக்கும் வேளையில், எங்கோ ஒரு மூலையில் அளவுக்கு மீறித் தூண்டப்படும் இயல்புடைய அணுக்கூட்டம் ஒன்று இருந்து, அது திடீரெனப் பொங்கியெழுந்தால், அந்தப் பொங்கல் அண்டை அயலுக்கு வெகு சுலபமாகப் பரவிவிடுகிறது. விழிப்பிலும் கனவுறக்கத்திலும் அணுக்கள் பிரிந்து இயங்குவதால் அதே பொங்கல் தன் இடத்திலேயே அடங்கிப் போகிறது. வலிப்பின் கூரலைகள் கனவில்லா உறக்கத்தில் பெருகுவதற்கும், கனவு தொடங்கியதும் அருகுவதற்கும் இதுவே முக்கிய காரணம்.

உறக்கத்துக்கும் வலிப்புக்கும் உள்ள உறவு பழங்காலத்தவர் கண்ணுக்கும் தப்பவில்லை. உறக்கம் ஒருவகையில் வலிப்பை ஒத்தது என்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் எழுதினார். நம் நாட்டிலோ அபஸ்மாரம் என்றும் முயலகன் என்றும் பெயர் பெற்ற இந்நோய், புராணத்திலும் இடம்பெற்றிருக்கிறது. கொல்லிமழவன் மகளைப் பற்றிய முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் திருவாசித் தலத்தில் பதிகம் பாடித் தீர்த்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். வலிப்புகள் சில நோயாளிகளுக்கு இரவில் மட்டுமே வருவதையும், கண்ணயர்ந்த சிறிது நேரத்திலும் விடியற்காலையிலும் அவை மிகுவதையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் வில்லியம் கவர்ஸ் என்ற வைத்தியர் குறித்து வைத்தார். எனினும், விழித்திருக்கும்போது ஒன்றுமே தெரியாத பதிவு உறக்கத்தில் உண்மையைக் காட்டிவிடும் என்பதை, ஃப்ரெடரிக் கிப்ஸும் அவர் மனைவி எர்னா கிப்ஸும் 1947இல் ஏராளமான நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு நிறுவிய பின்னரே, உறக்கப் பதிவு வைத்தியர்களின் வழக்கமாயிற்று. அப்போதும் அவர்கள் பார்த்தது பெரும்பாலும் சிறுதூக்கத்தையே. வினாடிக்கு மூன்று சென்டிமீட்டர் வீதம் ஓடும் காகிதம் எட்டு மணி நேரத்துக்கு 860 மீட்டருக்கு மேல் வேண்டும். அத்தனையையும் ஏடு ஏடாகப் புரட்டி ஒருவர் கண்ணால் படிக்க வேண்டும். மார்சேய் ஆராய்ச்சி எவ்வளவு பொறுமையின் விளைவு என்பதை இதிலிருந்து உணரலாம்.

உறக்கத்தில் பெருகும் கூரலைகளெல்லாம் குழந்தைக்குக் கேடு விளைவிப்பவை என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. குழந்தைப் பருவத்தில் சாதாரணமாகக் காணப்படும் வலிப்பு வகைகளுள் ஒன்றுக்கு, இத்தாலிய உடற்கூற்றறிஞர் லூயிஜி ரொலாண்டோவின் பெயரை இட்டிருக்கிறார்கள். முகம், உதடு, நாக்கு, தொண்டை ஆகியவற்றை இயக்கும் புறணிப் பகுதியின் அருகில் இதன் கூரலைகள் எழுகின்றன. பள்ளி செல்லும் வயதுக் குழந்தை ஒன்று உறங்கப்போன சிறிது நேரத்திலோ, விடிவதற்குச் சற்று முன்னோ, தொண்டையில் களகளவென்று ஒரு சப்தத்தோடு விழிக்கிறது; வாயின் ஒரு கோடி இழுத்துத் துடிக்கிறது; எச்சில் வழிகிறது; நினைவு தப்பவில்லை, எதிரே நிற்பவர் யாரென்று தெரிகிறது, ஆனால் வாய் பேச எழவில்லை. ஓரிரு நிமிஷங்களில் எல்லாம் அடங்கிவிடும். விழிப்பில் எடுத்த பதிவில் இவர்களில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. உறங்கவைத்துப் பார்த்தால் கூரலைகள் வரிசைவரிசையாக வரும். பதினாறு வயதுக்குள் இந்நோய் தானாகவே அகன்றுவிடுவதால், வலிப்பு அரிதாக வரும் குழந்தைகளுக்கு மருந்தே கொடுக்காமல் காத்திருக்கும் வைத்தியர்களும் உண்டு. ஒருபோதும் வலிப்பு வராத ஆரோக்கியமான குழந்தைகளிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு இதே கூரலைகள் இருப்பதுண்டு. ஆகவே காகிதத்தில் தெரியும் அலைக்கு மருந்து கொடுப்பது வைத்தியமாகாது. ஆனாலும் ரொலாண்டோ வகைக் குழந்தைகளிற் சிலர் படிப்பிலும் கவனத்திலும் பின்தங்குவதும், வெகு சிலருக்கு அலைகள் பெருகி மார்சேய்க் குழந்தைகளின் நிலையை அடைவதும் உண்டாகையால், வலிப்பு நின்றுவிட்டாலும் பள்ளிப் படிப்பைக் கவனித்துக்கொண்டே வரவேண்டும்.

கைக்குழந்தைகளின் வியாதி ஒன்றையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. 1841இல் வில்லியம் வெஸ்ட் என்ற இங்கிலாந்து வைத்தியர், ஒரு வயதை நெருங்கிய தம் சொந்த மகன், சில மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்தே, நாள்தோறும் பலமுறை, சலாம் போடுவதுபோலத் தலையும் உடலும் முன்குனிந்து துடிப்பதையும், அவன் அறிவு வளர்ச்சி குன்றுவதையும் விவரித்து, வழி தெரிந்தவர்கள் உதவ வேண்டும் என்று லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைப் படிப்பவர் நெஞ்சம் கலங்காமல் இருக்க முடியாது. இந்தத் துடிப்புகள் தூங்கி எழுந்த உடனே கொத்துக்கொத்தாக வருவது வழக்கம். வயிற்றுவலி என்றோ, குழந்தை திடுக்கிடுகிறது என்றோ எண்ணி வாரக்கணக்கில் காலம் போக்கிவிடுகிறவர்கள் பலர். இந்நோய்க்குரிய, ஒழுங்கு முற்றும் குலைந்த பேரலைக் கோலமும் ஆரம்பத்தில் உறக்கத்தில் மட்டுமே தெரியலாம். ஹார்மோன் மருந்துகளாலும் விகாபாட்ரினாலும் பலனுண்டு. ஆனால் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் பலனைக் குறைக்கிறது.

மீண்டும் மார்சேய்க் குழந்தைகளிடம் வருவோம். அவர்களுடைய நிலைக்கு டாஸினாரி பிற்காலத்தில் பெனலோப்பியின் பெயரைச் சூட்டினார். ஹோமரின் காவியத்திலே, கணவன் ஒடிஸியஸ் திரும்பி வரும்வரை தன்னை மணக்க விரும்பி முற்றுகையிட்டவர்களை ஏமாற்ற, நெய்து முடித்ததும் மறுமணம் செய்துகொள்வதாக வாக்களித்து, பகலெல்லாம் நெய்த துணியை இரவெல்லாம் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தவள் அவள். நாலைந்து வயதுக் குழந்தை பகலெல்லாம் சொற்களையும், எழுத்துகளையும், பந்து எறியும் கைத்திறனையும் கற்கிறது. இரவு அதைக் குலைத்துவிடுகிறது. எதைக் குலைக்கிறது என்பது, அலைகள் எப்பகுதியில் மிகுகின்றன என்பதைப் பொறுத்தது. பேச்சைக் கேட்டுணரும் பொட்டுப் பகுதியில் மிகுந்தால் பேச்சு போகிறது. நெற்றிப் பகுதியில் மிகுந்தால், நிதானமாக இருந்த குழந்தை அடங்காததாகி, திட்டமிட்டு ஒன்றைச் செய்யும் திறனை இழக்கிறது. வகுப்பில் முதலாவதாக நின்ற குழந்தை, ஆறு மாதத்தில் கடைசி வரிசைக்குப் போய்விடுவதும், மந்தம் என்றும் பிடிவாதம் என்றும் பெயரெடுத்துத் தண்டிக்கப்படுவதும் எத்துணைக் கொடுமை!

உறக்கத்தில் ஓடும் அலைகள் கற்றதைக் குலைப்பது எவ்வாறு என்ற ஆராய்ச்சி, சமீப காலத்தில் நல்ல முன்னேற்றம் கண்டிருக்கிறது. பகலில் நாம் பெறும் அனுபவங்களால் நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகள் வலுப்பட்டுக்கொண்டே போகின்றன. இந்த வலுவை இரவில் அளவோடு தளர்த்தி, வேண்டியதை நிறுத்தி, மறுநாள் கற்பதற்கு இடம் செய்வதே பேரலை உறக்கத்தின் பணி என்று, விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தின் டொனோனியும் சிரெல்லியும் 2003இல் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். தளர்வு நடைபெறுகிறது என்பதற்குப் பதிவிலேயே ஓர் அடையாளம் உண்டு: இரவின் முதல் மணியில் செங்குத்தாக ஏறி இறங்கும் பேரலைகள், கடைசி மணியில் சரிவு குறைந்து தணிகின்றன. ஸூரிக் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையின் ஆராய்ச்சியாளர்கள் 2011இல் வெளியிட்ட பதிவுகளில், ஆரோக்கியமான குழந்தைகளிடம் இந்தச் சரிவு இரவு கழியக் கழியக் குறைவதும், கூரலை நிறைந்த உறக்கமுள்ள குழந்தைகளிடம் அது குறையாமலே இருப்பதும் தெரியவந்தது. குழந்தை எட்டு மணி நேரம் படுத்திருந்தும், உறக்கம் செய்யவேண்டிய வேலை நடைபெறவில்லை என்பது இதன் கருத்து. கதிரலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கற்றதை நினைவில் நிலைநாட்டுவதில் அவை துணைபுரிகின்றன என்பது பல சோதனைகளால் தெரிந்த செய்தி. ரொலாண்டோ வகை வலிப்பு இன்னும் அடங்காத குழந்தைகளிடம், நோயுள்ள பகுதியிலேயே கதிரலைகள் குறைந்து காணப்படுவதை பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மூலகாரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. பிறக்கும் சமயத்தில் தலாமஸுக்கு ஏற்பட்ட ரத்தக்கசிவு போன்ற சேதம் சிலருக்குக் காரணமாகிறது. வேறு சிலருக்கு மரபணுவிலே குறை. நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டுவதற்கு உதவும் ஒரு வாங்கியின் பகுதியை அமைக்கும் ஜி.ஆர்.ஐ.என்.2ஏ என்ற மரபணுவில், பேச்சிழக்கும் குழந்தைகளிற் சிலருக்குப் பிழை இருப்பது 2013இல் தெளிவாயிற்று. ஏராளமானவர்களுக்குக் காரணம் புலப்படுவதே இல்லை. பெற்றோர் செய்த எதனாலும் இது வந்ததன்று.

சிகிச்சையில் வைத்தியர்கள் முழு ஒருமைப்பாடு கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்டீராய்டு மருந்துகள், க்ளோபஸாம், டயஸிபாம் முதலியவை, சல்தியம் என்ற மருந்து ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவோ சேர்த்தோ பயன்படுத்துகிறார்கள். ஸ்டீராய்டினால் மாதக்கணக்கில் மௌனமாயிருந்த குழந்தை மறுபடி பேசத் தொடங்குவதுண்டு, மருந்தை நிறுத்தியதும் திரும்பச் சரிவதும் உண்டு. மற்ற வலிப்புகளுக்கு நன்கு பயன்படும் கார்பமாஸிபைன் சில குழந்தைகளிடம் இந்த உறக்க அலைகளைப் பெருக்கிவிடலாம். ஆதலால், மருந்து தொடங்கியபின் வலிப்பு நின்றும் குழந்தை மந்தப்பட்டால், அந்த மருந்தைப் பற்றியே வைத்தியரிடம் கேட்க வேண்டும். பெற்றோர் தாமாகவே நிறுத்திவிடுவது மட்டும் ஆபத்து. பருவ வயதை அடைகையில் அலைகள் பெரும்பாலும் தாமே ஓய்ந்துவிடுகின்றன. ஆனால் அதற்குள் கழிந்த வருஷங்கள் பேச்சும் எழுத்தும் வேரூன்ற வேண்டிய வருஷங்கள். அலை ஓய்ந்த பின்னும் பலருக்கு இழந்தது முழுவதும் திரும்புவதில்லை. எத்தனை காலம் இக்கோலம் நீடித்தது என்பதே பிற்கால நிலையைப் பெரிதும் நிர்ணயிப்பதால், விரைவில் கண்டுபிடிப்பதைக் காட்டிலும் பெரிய உபகாரம் வேறில்லை.

கண்டுபிடிப்பதற்கு உறக்கப் பதிவு வேண்டும். உறக்கப் பதிவுக்குக் குழந்தை உறங்க வேண்டும். முதல்நாள் தலைக்குக் குளிப்பாட்டி எண்ணெய் தடவாமல் விடுவதும், இரவு வெகுநேரம் விழித்திருக்கச் செய்து அதிகாலையில் எழுப்பிவிடுவதும், பரிசோதனைக்குப் போகும் வழியில் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதும், வழக்கமான போர்வையையோ பொம்மையையோ உடன் கொண்டுபோவதும் பதிவு எடுப்பவருக்கு எவ்வளவோ உதவி. ஆழ்ந்த உறக்கத்தை எட்டுமுன் பதிவு முடிந்துவிட்டால், மறுபடி எடுக்கும்படியோ, இரவுப் பதிவுக்கு ஏற்பாடு செய்யும்படியோ கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. குழந்தை கண்ணயரும் தறுவாயில் எழும் பெரிய சீரான அலைகளும், உச்சந்தலையில் தோன்றும் கூரிய அலைகளும் இயற்கையானவையே. பழக்கமில்லாத கண்ணுக்கு அவை வலிப்பாகத் தோன்றும் ஆகையால், குழந்தைகளின் பதிவுகளைப் படித்துப் பழகியவரிடம் காட்டுவது அவசியம். இரவில் குழந்தை ஏதேனும் விதமாகத் துடித்தால் கைபேசியில் படமெடுத்து வைப்பது, வைத்தியருக்கு ஒரு மணி நேர விசாரணையைவிட அதிகம் சொல்லும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கையில் சாவியையோ இரும்பையோ கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

பேச்சிழந்த குழந்தைக்கு, மருந்து வேலை செய்யும்வரை காத்திராமல், கண்ணால் கற்கும் வழியைத் திறந்துவிட வேண்டும். செவி வழியே வரும் சொல் அதற்குப் பொருள்படாவிட்டாலும், சைகையும் படமும் எழுத்தும் பெரும்பாலும் பொருள்படுகின்றன. இத்தகைய குழந்தைகள் சைகை மொழியைக் கற்றுத் தேர்ந்திருக்கிறார்கள், அது பேச்சு திரும்புவதற்குத் தடையாவதுமில்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்வதைக் கரும்பலகையிலும் எழுதிக் காட்டுவதும், சத்தமில்லாத இடத்தில் முன்வரிசையில் உட்காரவைப்பதும், வாய்மொழித் தேர்வுக்குப் பதில் எழுத்துத் தேர்வு வைப்பதும் எந்தப் பள்ளியிலும் நாளைக் காலையிலேயே செய்யக்கூடியவை. சில மாதங்களுக்கு ஒருமுறை உறக்கப் பதிவை மீண்டும் எடுத்து, பழைய பதிவோடும் ஆசிரியர் எழுதிவைத்த குறிப்போடும் ஒப்பிட்டுப் பார்த்தே, மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்பதை வைத்தியர் முடிவு செய்கிறார்.